டெம்ப்ரவரி ராயப்பன்

டெம்ப்ரவரி ஆசாமி என்று ஒரு ரகம் உண்டு ஐயா, ஊருக்கு நாலு பேராவது தேறுவார்கள். டெம்ப்ரவரி என்றால் கொஞ்ச நாளைக்கு என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? தப்பு. சரியான அர்த்தத்தைத் திருநின்றவூர் ராயப்பனிடம் கேளுங்கள்.

எண்பத்திரண்டில் புது வீட்டை மந்திரிக்க வந்த பங்குச் சாமியார் பூசாத சுவரைப் பார்த்தார். "டெம்ப்ரவரிதான் சாமி" என்றார் ராயப்பன். எட்டு வருஷம் ஓடியும் சுவர் பூசாமல், ஜன்னலில் அட்டை அடித்து, சுவிட்சுப் பெட்டியைச் சணலால் கட்டித் தொங்கவிட்டு, உடைந்த படிக்கு மூன்று செங்கல்லை அடுக்கி, எல்லாவற்றுக்கும் அதே ஒரு சொல்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் மனுஷர் ஃபிட்டர். அங்கே எவனாவது போல்ட்டுக்குப் பதில் கம்பி சுற்றினால் அடிக்கப் போவார்!

கொல்லையில் குளியலறை. கதவு இருக்க வேண்டிய இடத்தில் கோணிப் படுதா. ஏரிக்காற்று அடித்தால் அது கொடியாகப் பறக்கும். பதினாறு வயது மகள் அருள்செல்வி ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தண்ணீர் மொண்டு குளிப்பாள், தாய் ஞானகுமாரி வெளியே காவல் நிற்பாள். பக்கத்து மனையில் மாடி எழும்பி, சாரத்தில் கொத்தனார்கள் ஏறியதும் பெண் குளிக்கவே மாட்டேன் என்றாள்.

"இன்னாய்யா, கதவு போடுவியா மாட்டியா? பொண்ணு குளிச்சு மூணு நாளு ஆவுது."

"இரும்மே. போட்டா தேக்குல போடணும்னு கீறேன். அதுவரிக்கும் டெம்ப்ரவரியா அது இருக்கட்டும்."

"எட்டு வருசமா அந்தத் தேக்கு வளந்துகினே கீதா?"

மறுநாள் மாலை ரயிலை விட்டிறங்கி வந்தவர் திகைத்துப்போனார். தெரு வாசலில் கோணிப் படுதா பறக்கிறது. அவருடைய கட்டில், ரேடியோ, கொடியில் தொங்கும் பனியன், எல்லாம் தெருவுக்குக் காட்சி. கொல்லைக்கு ஓடினார். குளியலறையில் அவருடைய தெருக் கதவு, 'ஜெ. ராயப்பன், ஃபிட்டர்' என்ற பெயர்ப்பலகையோடு. உள்ளே செம்புத் தண்ணீர் சத்தம். கூடவே அருள்செல்வியின் பாட்டு.

"அடியே, கழட்டி மாட்டுடி அதை!"

"எப்புடி மாட்டுறது? நிலைக்குப் பெருசா இருந்துச்சின்னு கோதண்டம் ஆசாரி நாலு விரக்கடை அறுத்துட்டாரு. கத்தாதய்யா, வாசல்ல கோணி டெம்ப்ரவரிதான்."

மறுநாள் வேலைக்கு லீவு. மரக்கடை திறக்குமுன்பே ராயப்பன் அங்கே நின்றார். தேக்கா? மாமரமானாலும் சரி என்றார். பொழுது சாய்வதற்குள் வாசலுக்குக் கதவு வந்துவிட்டது.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். அப்படியே உங்கள் மொட்டைமாடிக்கும் ஒரு நடை போய்ப் பாருங்கள். அடுத்த வருஷம் மேலே எழுப்பப் போவதாக நீட்டி விட்டீர்களே கம்பி, அதில் எத்தனை வருஷமாகத் துணி காய்கிறது?