சீ பக்தார்னும் சுகந்தியின் ரோல்ஸும்

ஆக்லாந்தில் வீடு வாங்கும் தமிழன் முதல் வேலையாக ஒரு கறிவேப்பிலைக் கன்றை நடுவான். முதல் குளிரிலேயே அது செத்துப்போகும். அத்தோடு அடங்கி, புல்லை மட்டும் வெட்டிக்கொண்டு இருப்பவன் புத்திசாலி. நான் இரண்டாவது கன்று செத்த பிறகும் அடங்காமல் யூடியூபில் போய் விழுந்தவன்.

அங்கேதான் சீ பக்தார்னைக் கண்டேன். குளிர்நாட்டு முள்ளுச்செடி. கிளையை மறைத்துக்கொண்டு செம்மஞ்சள் நிறத்தில் மணிமணியாகப் பழம். தாடிக்காரர் ஒருவர் அதைப் பிழிந்து குடித்துவிட்டு, இனி மூட்டு வலிக்காது, முடி கொட்டாது என்றார். (அவர் தலையில் கொட்டுவதற்கு முடியே இல்லை என்பதை நான் கவனிக்கவில்லை.)

என் மனைவி சுகந்திக்குப் பெயரே பிடிக்கவில்லை. "துவங்கேக்கையே 'சீ' எண்டுது. உது எங்களுக்கு என்னத்துக்கப்பா?" என்றாள்.

கேட்கிற ஆளா நான்? ஐந்து கன்றுகள் தருவித்து, பிளாக்ஹவுஸ் பேயில் எங்கள் வீட்டுப் பின்வேலி ஓரமாக நட்டேன். ஒன்று ஆண், மற்றவை பெண். ஆண் செடி பக்கத்தில் நின்றால்தான் மற்றவை காய்க்குமாம். அதற்கு வேறு வேலை கிடையாது. (நமக்குப் பழக்கப்பட்ட ஏற்பாடுதான்.)

வேலிக்கு அந்தப் பக்கம் மதுரைக்காரர் முருகேசன். எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், முள்ளுச்செடியக் காசு குடுத்தா வாங்குனீங்க? எங்க ஊர்ல கருவேல முள்ளை அழிக்கிறதுக்கு ஜேசிபிக்குக் காசு குடுக்குறோம்."

நான் விடவில்லை. வைட்டமின்களைப் பற்றி அவருக்கு வேலியோரம் ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். அன்றிலிருந்து என்னைக் கண்டால், "வாங்க சீ பக்தரே" என்பார்.

சில வருடங்கள் முள்ளைத் தவிர எதுவும் வரவில்லை. பிறகு ஒரு கோடைமுடிவில், சொல்லிவைத்தாற்போல், மகள் ஆரணியின் இருபத்தோராவது பிறந்தநாள் வாரத்தில் கிளை கொள்ளாமல் காய்த்தது.

அந்த விழாவுக்காகச் சுகந்தி மாதக்கணக்காக உழைத்திருந்தாள். ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்து, மட்டன் ரோல்ஸ் சுற்றிச் சுற்றி, பொரிக்காமல் கராஜிலிருந்த பெரிய ஃப்ரீசரில் அடுக்கினாள். அவள் ரோல்ஸுக்கு ஊரில் ஒரு மதிப்பு உண்டு. கோயில் நிர்வாகச் சண்டையில் எங்களோடு முகம் முறித்துக்கொண்ட சிவம் அண்ணை குடும்பம்கூட, ரோல்ஸ் உண்டென்று அறிந்து வரச் சம்மதித்திருந்தது.

எனக்கோ, வருகிறவர்களை என் தோட்டத்துச் சாறு கொடுத்து வரவேற்க வேண்டும் என்ற வெறி. ஆனால் அந்தப் பழத்தைப் பறிக்க முடியாது. தொட்டால் விரலில் வெடிக்கும், விட்டால் முள் குத்தும். கிளையோடு வெட்டி உறையவைத்துத் தட்டினால் மணிபோல உதிரும் என்றது யூடியூப். விழாவுக்கு முதல் நாள் காலை, சுகந்தி வேலைக்குப் போன கையோடு கிளைகளை வெட்டினேன். ஃப்ரீசரில் ஓர் அங்குலம் இடமில்லை.

கொஞ்ச நேரத்துக்குத்தானே என்று ரோல்ஸ் முழுவதையும் எடுத்து, கடற்கரைக்குக் கொண்டுபோகிற சில்லி பின் என்னும் ஐஸ் பெட்டிகளில் போட்டு மூடினேன். ஐஸ் போடவில்லை. பெயரில் குளிரென்று பொருள்படும் 'சில்லி' இருப்பதால் பெட்டியே குளிராக்கிவிடும் என்று நம்பிய பட்டதாரி நான். கிளை உறைந்தது, தட்டினேன், பழம் உதிர்ந்தது. அந்தப் புளகாங்கிதத்தில் ரோல்ஸ் என்ற ஒன்று உலகத்தில் இருப்பதையே மறந்து, அடுத்த தொகுதிக் கிளைகளை ஃப்ரீசருக்குள் திணித்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. சுகந்தி கராஜுக்குப் போனாள். ஃப்ரீசர் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. அவள் கத்தினால் பயமில்லை.

"இஞ்சாருங்கோ," என்றாள் மிக மெதுவாக. "என்ரை ரோல்ஸ் எங்கை?"

நான் சில்லி பின்னைக் காட்டினேன். அவள் திறந்தாள். பெப்ரவரி வெயில் கராஜின் தகரக் கூரையில் தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது. கையில் பலூனோடு வந்த ஆரணி மூக்கைப் பொத்திக்கொண்டு, "அப்பா, ப்ளீஸ் டெல் மீ திஸ் இஸ் எ ஜோக்," என்றாள். வேலிக்கு மேலே முருகேசனின் தலை தெரிந்தது.

"சார், உங்க பக்கம் எலி ஏதும் செத்துருச்சா?"

சாறாவது என் மானத்தைக் காப்பாற்றும் என்று நினைத்தேன். சீனி சேர்த்தால் சத்துப் போய்விடும் என்பதால் அப்படியே கிளாஸில் ஊற்றி நீட்டினேன். சிவம் அண்ணை ஒரே மூச்சில் குடித்தார். ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. மற்றக் கண்ணால் என்னை நெடுநேரம் பார்த்தார்.

"தம்பி, உதாலை குத்துவிளக்கு மினுக்கலாம்," என்றார். "ரோல்ஸ் எப்ப வரும்?"

வரவில்லை. வந்தது பீட்சா. முருகேசனின் மனைவி அவசர அவசரமாக ஓர் அண்டா எலுமிச்சைச் சோறு கிண்டிக்கொண்டு வந்ததால் எல்லோரும் பசியாறினார்கள். கேக் வெட்டிய பிறகு ஆரணி ஆங்கிலத்தில் நன்றியுரை சொன்னாள். முடிவில், அம்மா செய்து, இளம்வயதிலேயே மறைந்த ரோல்ஸுக்காக ஒரு நிமிடம் மௌன அஞ்சலி என்றாள். எல்லோரும் எழுந்து நின்றார்கள். நானும் தலைகுனிந்து நின்றேன். சிவம் அண்ணை குடும்பம் அஞ்சலி முடிந்ததும் பழைய கோபத்தோடு வீட்டுக்குப் போனது.

அடுத்த வாரமே செடிகளைத் தோண்டினேன். வேர் அதற்கு முன்பே வேலிக்கு அடியால் நழுவி முருகேசனின் புல்தரைக்குக் குடிபெயர்ந்திருந்தது. முளைக்க முளைக்க அவர் இன்றுவரை வெட்டிக்கொண்டிருக்கிறார்.

சென்ற மாதம் ஆக்லாந்தின் இன்னொரு புறநகரான பாபடோயிட்டோயில் ஒரு பிறந்தநாள் விழா. எங்களுக்குப் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒருவர் ரோல்ஸைக் கடித்தபடி கதை சொன்னார்.

"ஹமில்டனிலை ஆரோ ஒரு விசரனாம். ஏதோ முள்ளுப் பத்தையை ஃப்ரீசருக்கை வைக்க, மனுசி செய்த ஆயிரம் ரோல்ஸையும் வெயிலிலை காயப் போட்டவனாம். பாவம், அந்த மனுசி."

நான் தட்டிலிருந்த சட்னியை ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

"ஓம், பாவம்தான்," என்றாள் சுகந்தி. "ஆனா ஆள் ஹமில்டன் இல்லை. இந்தா, உங்களுக்குப் பக்கத்திலைதான் இருக்கிறார். கைகுடுங்கோ."

அவர் கைகொடுக்கவில்லை. தன் தட்டை மறுபக்கம் நகர்த்தி வைத்தார்.