சொற்குழப்ப ஒழிப்புப் பிரிவு

அந்த அலுவலகத்தில் கடிதப் போக்குவரத்து முழுக்க இங்கிலீஷில்தான். எழுதுகிறவருக்கும் புரியாது, வாங்குகிறவருக்கும் புரியாது என்பதால் வம்புதும்பு இல்லாமல் வேலை நடந்துவந்தது. ஒருநாள் 'அக்செப்ட்' என்று போட வேண்டிய இடத்தில் யாரோ 'எக்செப்ட்' என்று போட்டுவிட்டார்கள். மேலிடத்தில் ஒருவர் அதைப் படித்துத் தொலைத்துவிட்டார்.

உடனே, பொதுநலன் கருதி, சொற்குழப்ப ஒழிப்புப் பிரிவு தொடங்கப்பட்டது. மேலாளர் அதற்குத் தலைவர். டைப்பிஸ்ட் அதன் மொத்த ஊழியர். டைப்பிஸ்டின் மனைவியும் கைக்குழந்தையும் வேறு ஊரில் இருந்தார்கள். போன தடவை போனபோது குழந்தை அவரைப் பார்த்து யாரோ எவரோ என்று வீறிட்டது; மனுஷன் உடைந்துபோனார். மாறுதல் கேட்டு அவர் போட்ட மனு மேலாளரின் மேஜையில் கிடந்தது. அதனால் எதற்கும் தலையாட்டினார்.

"ரெண்டுக்கும் வித்தியாசத்தை எழுதிச் சுவத்துல ஒட்டிடலாமா சார்?"

"ஒட்டலாம். அதுக்கு வித்தியாசம் எனக்குத் தெரிஞ்சிருக்கணுமே. இந்த வயசுல என்னைப் படிக்கச் சொல்றீங்களா? ரெண்டு வார்த்தை இருக்கிறதாலதானே குழப்பம். ரெண்டையும் தடை பண்ணிடுங்க."

மேற்படி சொற்கள் மறு உத்தரவு வரும்வரை புழக்கத்திலிருந்து விலக்கிவைக்கப்பட்டன. அடுத்து 'அஃபெக்ட்', 'எஃபெக்ட்' இரண்டும் போயின. 'அட்வைஸ்' தன் ஜோடியோடு போனது. பிறகு ஜோடி இல்லாதவற்றின் முறை வந்தது.

"'டேபிள்' எதோட சார் குழம்பும்?"

"இதுவரைக்கும் குழம்பல. நாளைக்குக் குழம்பினா யார் பதில் சொல்றது?"

டேபிளும் போனது. கடைசியில் கடிதத்தின் தலையில் ஒரு 'சார்', காலில் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி', கையெழுத்து, முத்திரை மட்டும் மிஞ்சின. ஒரு புகாரும் வரவில்லை. மற்ற அலுவலகங்கள் வழக்கம்போல, தங்கள் கடிதம் பரிசீலனையில் உள்ளது என்று பதில் போட்டன.

மேலாளருக்குப் பாராட்டுச் சான்றிதழ் வந்தது. உச்சி குளிர்ந்த அவர் டைப்பிஸ்டைக் கூப்பிட்டு மாறுதல் உத்தரவைக் கையில் கொடுத்தார்.

"இதுல மாறுதல்னே இல்லையே சார். ஊர் பேரும் இல்ல."

"போட்டா குழம்பும். முத்திரை இருக்கில்ல? போய்ச் சேருங்க."

டைப்பிஸ்ட் அதை எடுத்துக்கொண்டு மனைவி இருந்த ஊரின் அலுவலகத்துக்குப் போனார். அங்கிருந்த அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, உத்தரவை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தார். பக்கத்து அறை அதிகாரியிடமும் காட்டினார். அவரும் படித்துத் தலையசைத்தார்.

"நல்ல இங்கிலீஷ். சந்தேகத்துக்கே இடமில்ல" என்று சொல்லி, ஜன்னலோரம் நாற்காலி போடச் சொன்னார்.

சாயங்காலம் வீட்டில், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மனைவி அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இவ்வளவுதானாங்க? கல்யாணமான புதுசுலயே இதை நீங்களே அடிச்சு எடுத்துட்டு வந்திருக்கலாமே. டைப்பிஸ்ட்தானே நீங்க?"

அவர் காகிதத்தை வாங்கிப் பத்திரமாக மடித்தார்.

"உனக்கு இங்கிலீஷ் தெரியாது" என்றார்.