குதிரை மணி கட்டிய சைக்கிள்

உங்களுக்கெல்லாம் வேறு சோலியே கிடையாதா? அடுப்பில் பால் இல்லையா, கொடியில் துணி இல்லையா? ஒரு கிழவி எங்கே விழுந்தாள், எப்படி விழுந்தாள், விழுந்த இடத்தில் என்ன கிடந்தது என்று தெரிந்துகொள்ள இப்படியா ஆலாய்ப் பறப்பீர்கள்? போன வாரம் ரேஷன் கடை வரிசையில் முன்பின் தெரியாத ஒரு பெண் என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்கதான அந்தக் குதிரை மணி அம்மா?" என்கிறாள். எங்கள் மலையூர் பண்ணைக்காட்டில் எனக்கு ராசாத்தி என்று ஒரு பேர் இருந்தது. அது தொலைந்த கதைதான் இது. சொல்கிறேன், சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் நடுவில் "அடிபட்டுச்சா?" என்று கேட்டு ருசியைக் கெடுக்கக் கூடாது. (மானத்துல மட்டுந்தான் அடி.)

நான் சொல்லச் சொல்ல என் பேத்தி அபி எழுதுகிறாள். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அதற்கு மேல் போனால் எழுத்தெல்லாம் என்னைப் பார்த்து முறைக்கும். ஆகவே புள்ளியும் கமாவும் அவளுடையவை. வாய் மட்டும் என்னுடையது.

எல்லாவற்றுக்கும் காரணம் இந்த அபிதான். திண்டுக்கல்லில் கல்லூரியில் படிக்கிறாள். லீவுக்கு வந்தவள், மதுரையில் என் மகள் வீட்டில் சும்மா கிடந்த ஒரு சைக்கிளை வாழைக்காய் வண்டியில் போட்டுக் கொண்டுவந்து இறக்கினாள். தடித்த டயர், முன்னால் ஸ்பிரிங்கு. கேரியர் இல்லை, மட்கார்டு இல்லை, மணிகூட இல்லை.

"ஏன்டி, இதுல ஒரு தேங்கா வைக்கக்கூட எடமில்லையே. இத வச்சு என்ன பண்ணப்போற?"

"மலையில எறங்கப்போறேன் அப்பத்தா."

"எறங்குறதுக்கு எதுக்குடி வண்டி? தடுக்கி விழுந்தாத் தானா எறங்கிருவமே!"

அவள் போனைக் காட்டினாள். வெள்ளைக்காரர்களும் வெள்ளைக்காரிகளும் பாறையிலும் வேரிலும் சைக்கிளோடு துள்ளிக் குதித்து இறங்குகிறார்கள். இறங்கியபின் அதை எப்படிச் செய்வதென்று பாடமும் நடத்துகிறார்கள். அபி அதையெல்லாம் பார்த்துப் பார்த்து, அவள் அப்பன் வத்தலக்குண்டு சந்தைக்குப் போகிற நாளாகப் பார்த்து, எங்கள் தோட்டத்துச் சரிவில் பழகினாள். நன்றாகவே பழகினாள். பிறகு ஒரு நாள், கொடைக்கானலில் காட்டுப்பாதையில் பெண்களுக்கு ஒரு சைக்கிள் பந்தயம் நடக்கிறது, அதற்குப் போகவேண்டும் என்று சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து கேட்டுவிட்டாள்.

என் மகன் முருகேசனைப் பற்றிச் சொல்லவேண்டும். மிளகு பறிக்க ஒற்றை மூங்கில் ஏணியில் மர உச்சிவரைக்கும் ஏறுவான். காட்டுமாடு தோட்டத்துக்குள் வந்தால் தகரத்தைத் தட்டிக்கொண்டு தனியாளாகப் போவான். மகள் தும்மினால் மட்டும் அவனுக்குக் கால் நடுங்கும். ஒருமுறை அவளை அட்டை கடித்ததற்கு ஜீப்பைக் கூப்பிட்டவன்.

"வேணாம். விழுந்து கைகால் ஒடிஞ்சா?" என்றான்.

"விழமாட்டேன்பா. நீங்க ஒருக்கா வந்து பாருங்க."

"பாக்கவேற செய்யணுமா? நெஞ்சு வெடிச்சுச் சாகவா?"

பிள்ளை சோற்றில் கையை வைத்தபடியே அழுதாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏலே முருகேசா, ஒனக்கு யாரு பேரு வச்சிருக்கு? நம்ம பழனி சாமியே பந்தயத்துக்குக் கெளம்புன சாமிதான்."

"தோத்துட்டுக் கோவிச்சுக்கிட்டு மலையேறுன சாமி."

(இந்த வாய் எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். பெற்றவளுக்குத் தெரியாதா.)

"சரிலே, நம்ம தோட்டத்துக் குதிரைப் பாதையில நான் சைக்கிள்ல எறங்கிக் காட்டுறேன். கெழவி எறங்குனா கொமரி எறங்கலாம்ல?"

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "நீ எறங்கும்மா. அன்னைக்கே நான் இவளக் கொடைக்கானலுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

அவன் சிரித்ததால்தான் வினை. ஒரு வார்த்தை அதட்டியிருந்தால் நான் வாயை மூடிக்கொண்டு வெற்றிலை போட்டிருப்பேன்.

சைக்கிள் எனக்கு முழுக்கப் புதிது என்று நினைக்காதீர்கள். கல்யாணத்துக்கு முன்னால் கீழே வத்தலக்குண்டில் அப்பாவின் சைக்கிளில் பால் ஊற்றப் போனவள் நான். அந்தச் சைக்கிளுக்குப் பிரேக் கிடையாது. காலைத் தரையில் தேய்த்தால் நிற்கும். தேய்க்காவிட்டால் யார் வீட்டு வேலியாவது நிறுத்தும். மலைக்கு வாக்கப்பட்டு வந்தபின் அதையும் விட்டாயிற்று.

"நான் சொல்லித் தாரேன் அப்பத்தா," என்றாள் அபி.

"ஓங்கிட்டக் கத்துக்கிட்டா நாளைக்கு ஊரெல்லாம் நீதான் என் வாத்தியாருன்னு பீத்துவ. போனக் குடு, போதும்."

அங்கேதான் முதல் கோணல். இங்கிலீஷ் எனக்குப் புரியாது. அந்தப் பேச்சு காதில் கரகரவென்று விழுந்தால் கவனமும் ஓடாது. ஆகவே சத்தத்தை அணைத்துவிட்டு, ஆட்டத்தை மட்டும் பார்த்தேன். என் குருக்கள் இரண்டு பேர். ஒருவன் தாடிக்காரன். இன்னொருத்தி இரட்டைச் சடைக்காரி. சீட்டில் உட்காரக் கூடாது, எழுந்து நிற்கவேண்டும். முழங்கை இரண்டும் சண்டைச் சேவல் இறக்கை மாதிரி விரிய வேண்டும். பின்பக்கத்தைச் சீட்டுக்கும் பின்னால் தள்ள வேண்டும். தாடிக்காரன் வளைவு வந்தால் வலக்கை ஒற்றை விரலால் பிரேக்கை மெல்ல இழுப்பான். பின்சக்கரம் மண்ணைச் சீவிக்கொண்டு என்ன அழகாகத் திரும்பும் தெரியுமா! அதற்காகவே அவனை நாலு தடவை கூடுதலாகப் பார்த்தேன்.

பாடம் முடியும்போது எல்லாரும் ஒரே மாதிரி ஒன்று செய்தார்கள். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். பிறகு விரலால் கீழே கீழே என்று குத்திக் காட்டினார்கள். உடனே திரையின் மூலையில் ஒரு மணி படம் ஆடியது. எனக்குச் சுலபமாக விளங்கிவிட்டது. எல்லாம் சரியா, கீழே இறங்கு, இறங்கும்போது மணி அடி. எத்தனை பொறுப்பான ஆட்கள் என்று மெச்சிக்கொண்டேன்.

வீட்டுக்குப் பின்னால் முக்காலியைப் போட்டு, விளக்குமாற்றுக் கட்டையை ஹேண்டில்பாராகப் பிடித்துப் பயிற்சி நடந்தது. பின்பக்கத்தைத் தள்ளி, முழங்கையை விரித்து, பல்லைக் கடித்து நான் நிற்கும்போது பக்கத்து வீட்டுப் பாக்கியம் எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, உக்கார முடியலையா? மூலமா?"

உண்மையைச் சொன்னால் முருகேசன் காதுக்குப் போய்விடும். "ஆமாடி, ரொம்பப் படுத்துது," என்றேன். அந்த நிமிடத்திலிருந்து, மூலத்துக்கு மருந்தென்று, அவள் வீட்டுக் கருணைக்கிழங்கு வர ஆரம்பித்தது. குழம்பாக, மசியலாக, வறுவலாக. பாக்கியம் நல்ல மனசுக்காரி. நாக்கு அரித்தே செத்திருப்பேன்.

காப்பி அறுவடை நடந்துகொண்டிருந்த ஒரு காலையில் வெள்ளனே எழுந்தேன். அபி பால் வாங்கப் போயிருந்தாள். முருகேசன் கீழே களத்தில் ஆட்களோடு காப்பிக்கொட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தான். சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டினேன். சடைக்காரி முழங்காலில் ஏதோ கவசம் மாட்டுவாள்; நான் வாழைமட்டையை வெட்டி முழங்காலிலும் முழங்கையிலும் வைத்து நாரால் இறுக்கினேன். குளிருக்கு மங்கி குல்லா, அதற்கு மேல் அபியின் ஹெல்மெட். சைக்கிளில் மணி இல்லை அல்லவா? மூட்டை சுமக்கிற குதிரையின் கழுத்து மணி கொட்டகையில் தொங்கியது. அதை எடுத்து ஹேண்டில்பாரில் கட்டினேன். சுவரில் போட்டோவாக இருக்கும் என் வீட்டுக்காரரிடம் உத்தரவு கேட்டேன். அவர் வேறு பக்கம் பார்த்தது போலிருந்தது.

குதிரைப் பாதை என்பது எங்கள் வீட்டிலிருந்து காப்பிச் செடிகளுக்கு நடுவே களத்துக்கு இறங்கும் மண்பாதை. குதிரையே முனகிக்கொண்டு இறங்கும். நான் ஏறி நின்று, சேவலாக விரிந்து, பின்பக்கத்தை அனுப்பவேண்டிய இடத்துக்கு அனுப்பி, விட்டேன்.

ஐயோ, அந்த முதல் இறக்கம்! என்ன சொல்ல! காப்பிச் செடியெல்லாம் பின்னால் ஓடுகிறது, காற்று பொக்கைப் பல்லுக்குள் புகுந்து விசில் அடிக்கிறது, மணி கணகணகண என்று அலறுகிறது. எனக்கு வந்த சிரிப்பைச் சொல்லி மாளாது. கல்யாணத்தன்றுகூட நான் அப்படிச் சிரிக்கவில்லை. (அன்னைக்குச் சிரிக்க என்ன இருந்துச்சு.)

கீழே களத்தில் வேறு கதை. மலையில் அப்படி மணி அலறினால் ஒரே அர்த்தம்தான்.

"குதிரை அத்துக்கிட்டு வருதுடோய்! ஒதுங்குங்க!"

பழம் பறிக்கிற பெண்கள் மூட்டை மேல் ஏறிக்கொண்டார்கள். இரண்டு ஆண்பிள்ளைகள் மரத்தில் ஏறினார்கள். என் மகன் மட்டும் காய்கிற கொட்டைக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான். குதிரையைத் தடுக்கிறானாம்.

களத்துக்கு மேலே ஒரு வளைவு. தாடிக்காரனை மனதில் நினைத்து, வலக்கை ஒற்றை விரலால் பிரேக்கை இழுத்தேன். பின்சக்கரம் மண்ணைச் சீவிக்கொண்டு அழகாகத் திரும்பவேண்டும். திரும்பவில்லை. சைக்கிள் அப்படியே நின்றது. நான் நிற்கவில்லை.

வளைவுக்குக் கீழே, ஆள் உயரத்துக்குச் சற்று அதிகமான பள்ளத்தில், காப்பிப் பழத்தோலைக் குவித்து வைத்திருந்தோம். பழத்தை மிஷினில் உரித்தபிறகு மிஞ்சுகிற தோலை எருவுக்காக அங்கே கொட்டுவது வழக்கம். சிவப்பாகப் போகும், சில நாளில் கறுத்து, புளித்து, உள்ளே வெந்நீர்போலக் கொதிக்கும். நான் தலைகீழாக அதற்குள் போனேன். மெத்தைக்கு மெத்தை, நாற்றத்துக்கு நாற்றம். வெளியே தெரிந்தது இரண்டு காலும் இரண்டு வாழைமட்டையும்தான்.

கத்தியிருக்கலாமே என்பீர்கள். வாய் நிறையத் தோல்.

இனி சொல்லப்போவதை நான் பார்க்கவில்லை, என் தலை எருவுக்குள் இருந்தது. ஆனால் களத்தில் நின்றவர்கள் சொல்லிச் சொல்லி, நான் பார்த்தது போலவே ஆகிவிட்டது. பால் வாங்கி வந்த அபி, சைக்கிளையும் காணோம், குதிரை மணியையும் காணோம் என்றதும் பாதையில் ஓடி வந்திருக்கிறாள். வளைவில் சைக்கிள் கிடக்கிறது. கீழே என் கால் இரண்டும் ஆடாமல் அசையாமல் நட்டுக்கொண்டு நிற்கின்றன. அங்கிருந்து எருக்குழிக்குப் போகிற வழி ஒழுங்கற்ற படிக்கல். கடைசியில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கல் கட்டு. நடந்தால் சுற்றிக்கொண்டுதான் வரவேண்டும். அவள் யோசிக்கவில்லை. சைக்கிளைத் தூக்கி நிறுத்தி ஏறிவிட்டாள்.

படிக்கல்லில் தடதடவென்று இறங்கினாளாம். கல் கட்டு வந்ததும் நிறுத்தவில்லையாம். சைக்கிளோடு அந்தரத்தில் பறந்து, பூனை மாதிரிக் கீழே இறங்கி, என் கால் பக்கத்தில் வந்து நின்றாளாம். "யம்மா!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்த முருகேசன் அதைப் பார்த்தபடியே வந்து சேர்ந்தான். ஆளுக்கு ஒரு காலைப் பிடித்து என்னைப் பிடுங்கினார்கள்.

நான் வெளியே வந்து, தோலைத் துப்பி, கண்ணைத் துடைத்துப் பார்க்கிறேன். பெற்ற மகன் என்னைப் பார்க்கவே இல்லை. அந்தக் கல் கட்டைப் பார்க்கிறான், மகளைப் பார்க்கிறான், மறுபடியும் கல் கட்டைப் பார்க்கிறான்.

அபி சைக்கிளைத் தன் முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தாள். "மன்னிச்சிருங்கப்பா, அப்பத்தாவுக்கு என்னாச்சோன்னுதான்..."

"இன்னொருக்கா எறங்கு," என்றான் முருகேசன்.

"அப்பா?"

"அதுலருந்து இன்னொருக்கா எறங்கு பாப்போம்."

"ஏலே," என்றேன், "பெத்தவ இங்க நாறிக்கிட்டு நிக்கிறேன்லே!"

"கொஞ்சம் ஓரமா நில்லும்மா, பிள்ளை வருது."

பிள்ளை இறங்கினாள். மூட்டை மேலிருந்த பெண்கள் குலவை போட்டார்கள். மரத்திலிருந்தவர்கள் விசில் அடித்தார்கள். "இன்னொருக்கா," என்றான் அவன். மறுபடியும் இறங்கினாள். அவன் கால் நடுங்கியது. நான் கண்ணால் பார்த்தேன். ஆனால் அவன் கண்ணை மூடவில்லை. பிறகு, "கொடைக்கானலுக்கு எந்த பஸ்ஸுக்குப் போகணும்?" என்று கேட்டான். அபி சைக்கிளைப் போட்டுவிட்டு அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் கட்டிக்கொள்ளப் போனேன். இரண்டு பேரும் ஓடிவிட்டார்கள்.

சாயங்காலம் அபி எனக்கு விளக்கினாள். "அவங்க ஊர் சைக்கிள்ல வலது கைதான் பின்சக்கரத்துப் பிரேக்கு, அப்பத்தா. நம்ம ஊர்ல வலது கை முன்சக்கரம்."

"அத அந்தத் தாடிக்காரன் சொல்லவேணாமா?"

"அவங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும்ல, எதுக்குச் சொல்றான்? மணி எதுக்குக் கட்டுன?"

சொன்னேன். பிள்ளை சிரித்துப் புரையேறி, தரையில் உருண்டு, கடைசியில்தான் அந்த மணி இறங்கும்போது அடிக்க இல்லை, அவர்களுடைய அடுத்த வீடியோ வந்தால் நமக்குத் தெரிய என்று சொல்லி முடித்தாள்.

சீயக்காய் போட்டு மூன்று முழுக்கு முழுகியும் வாசம் போகவில்லை. மூட்டை சுமக்கிற குதிரை மட்டும் என்னை விட்டு நகரவில்லை. மணியைத் தேடி வந்ததோ, மணத்தைத் தேடி வந்ததோ.

பந்தயத்தில் அபி பரிசு வாங்கவில்லை. விழவும் இல்லை. காட்டுப்பாதை ஓரத்தில் முருகேசன் அந்தக் குதிரை மணியைத் தூக்கிப் பிடித்து ஆட்டிக்கொண்டே கூட ஓடினானாம். இப்போது அது எங்கள் வாசலில் தொங்குகிறது. வீட்டில் யாராவது கொஞ்சம் பெருமை பேச ஆரம்பித்தால், பக்கத்தில் இருப்பவர் எழுந்துபோய் அதை ஒரு தட்டுத் தட்டிவிட்டு வருவார். என் பேச்சுக்குத்தான் அதிகம் அடிக்கிறது.

விழுந்த மறுநாள் தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்க்க வந்தது. "நான் எங்க விழுந்தேன்?" என்றேன். "கேட்டாச் சரின்னு சொல்றவனா எம்மகன்? அவன் கண்ணு முன்னால பிள்ளை எறங்கணும். அதுக்கு ஒரு தோது வேணும்ல? எருக்குழியப் பாத்து வச்சு, எடம் அளந்து, திட்டம் போட்டுக் குதிச்சேன்."

வாசலில் சாத்தியிருந்த சைக்கிளில் இன்னும் கட்டியிருந்த மணியை யாரோ அடித்தார்கள்; அந்தப் பழக்கம் அன்றைக்குத் தொடங்கியதுதான்.

பாக்கியம் மட்டும் நகரவில்லை. கையில் மூடி போட்ட கிண்ணம். "அதெல்லாம் இருக்கட்டும்க்கா. அந்த மூலம் இப்ப எப்படி இருக்கு?"

"மூலமா?" என்றேன். "அது அந்த வளைவுலயே சைக்கிளோட நின்னுபோச்சுடி. நான் மட்டுந்தான் பறந்தேன்."