ஆறாம் மாடி என்பது ஒரு நம்பிக்கை

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில் நீலத்திரைத் தொடர்மாடி இருக்கிறது. அதன் லிஃப்ட் மார்ச் மாதம் ஒன்பதாம் திகதி காலை ஏழேகாலுக்குப் பழுதாகியது. இந்த வசனத்தை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்ல அங்கே குடியிருந்த எவருக்கும் அனுமதி இருக்கவில்லை.

அந்த அனுமதி அன்று பின்னேரம் வரைக்கும் இருந்தது. காவலாளி சுடலைமுத்து பிஸ்கட் பெட்டியொன்றின் மட்டையைக் கிழித்து, ‘பழுது’ என்று எழுதி லிஃப்ட் கதவில் தொங்கவிட்டிருந்தார். பின்னேரம் முகாமைத்துவக் குழுவின் தலைவர் சுந்தரலிங்கம் நுகேகொடையிலிருந்து வந்து இறங்கினார். அங்கே ஒரு ஹோட்டலில் இரண்டு நாள் பயிற்சி. சொல்லை மாற்றினால் நம்பிக்கை மாறும், நம்பிக்கை மாறினால் உலகம் மாறும் என்பது பயிற்சியின் சாரம். மத்தியானச் சாப்பாடும் சட்டம் போட்ட சான்றிதழும் கட்டணத்துக்குள் அடக்கம். சான்றிதழைக் கக்கத்தில் இடுக்கியபடி அவர் மட்டையைப் பார்த்தார்.

“இதை ஆர் எழுதினது?”

“நாந்தாங்க சார். லிப்டு போகல.”

“நீர் எழுதினதாலதான் அது போகேல்லை.”

“எழுதுறதுக்கு முந்தியே போகலைங்களே சார்.”

“அப்ப நினைச்சிருப்பீர்.”

சுடலைமுத்து யோசித்துப் பார்த்தார். முதல்நாள் லிஃப்ட் ஒரு மாதிரிச் சத்தம் போட்டபோது அப்படி ஒன்றை நினைத்தது உண்மைதான். மட்டையைக் கழற்றினார்.

அடுத்த நாள் காலை அந்த இடத்தில் பிளாஸ்ரிக் உறையிட்ட அறிவித்தல் ஒன்று இருந்தது: ‘மேலே செல்வதற்கு லிஃப்ட் தயாராகிக்கொண்டிருக்கிறது. – தலைவர்.’ மூன்றாம் மாடியில் இருந்த செயலாளர் சாந்தகுமார் கம்பியூட்டரில் அடித்து, வண்ணத்தில் எடுத்தது. நான்காம் மாடிக்குக் கொட்டாஞ்சேனையிலிருந்து விருந்துக்கு வந்த ஒரு குடும்பம் அதை வாசித்துவிட்டு, கேக் பெட்டியுடன் நாற்பது நிமிடம் கதவடியில் நம்பிக்கையோடு நின்றது.

ஆறாம் மாடியில் யோகேஸ்வரி தனியாக இருந்தாள். வயது அறுபத்தொன்று. தபால் கந்தோர் கவுண்டரில் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்து ஓய்வுபெற்றவள். வலது முழங்காலில் தேய்வதற்கு இனி ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். அரசாங்க ஆஸ்பத்திரியின் ஒப்பரேஷன் வரிசையில் இரண்டு வருடமாகக் காத்திருந்து, ஜூலை மாதத்தில் திகதி கிடைத்திருந்தது. வீட்டுக்கும் தரைக்கும் இடையில் நூற்றெட்டுப் படிகள்.

தொடர்மாடியின் வட்ஸ்அப் குழுவில் அவள் ‘லிஃப்ட் வேலை செய்யவில்லை’ என்று எழுதினாள். உடனே குழுவிலிருந்து நீக்கப்பட்டாள். ‘பழுது’, ‘இல்லை’, ‘முடியாது’, ‘ஏலாது’ என்பன போன்ற, குடியிருப்பாளரின் மனவளத்துக்கு ஊறு விளைவிக்கும் சொற்களைப் பாவிப்போர் இருபத்துநான்கு மணித்தியாலம் விலக்கி வைக்கப்படுவர் என்று முகாமைத்துவக் குழு ஏகமனதாகத் தீர்மானித்திருந்தது. ஏகமனது என்றால் வந்திருந்த ஐந்து பேர். மற்ற வீட்டுக்காரர்களில் பாதிப் பேர் ரொறொன்ரோவிலும் லண்டனிலும் இருந்தபடியால் அவர்களுக்கும் லிஃப்டில் குறை ஒன்றும் தெரியவில்லை.

நான்காவது முறை நீக்கப்பட்ட அன்று யோகேஸ்வரி கைபிடியைப் பிடித்துப் பிடித்து முக்கால் மணித்தியாலத்தில் கீழே வந்தாள். தலைவரின் வீடு தரைத்தளத்தில், லிஃப்டுக்கு நேர் எதிரே.

“அண்ணை, லிஃப்ட் பழுது.”

“பழுது எண்டு உமக்கு ஆர் சொன்னது?”

“பட்டனை அமத்தினன். கதவு திறக்கேல்லை.”

“ஒரு நாளும் திறந்ததில்லையோ?”

“மார்ச் வரைக்கும் திறந்தது.”

“பாத்தீரே. அப்ப அது திறக்கிற லிஃப்ட்.”

“ஆறு மாடி ஏற எனக்கு ஏலாது அண்ணை.”

“‘இன்னும்’ எண்டு ஒரு சொல்லைச் சேர்த்துச் சொல்லிப் பாரும்.”

“எனக்கு இன்னும் ஏலாது.”

“இப்ப எப்படி இருக்கு?”

“ஏலாமத்தான் இருக்கு.”

உள்ளே இருந்து தலைவரின் மனைவி மயிலம்மா தேத்தண்ணியுடன் வந்தாள். “இவரோட கதைச்சு உன்ர காலையும் கெடுக்காதை பிள்ளை. நேற்று நான் சீனி முடிஞ்சுது எண்டனான். சீனி உன்னட்டை வந்துகொண்டிருக்குது எண்டிட்டுப் போய்ப் படுத்திட்டார்.”

அந்த நேரம் பார்த்து லிஃப்ட் கம்பனியின் மெக்கானிக் ரிப்கான் மாதாந்தச் சேர்விஸுக்கு வந்தான். மூடிய கதவைத் திறந்து, உள்ளே விளக்கடித்துப் பார்த்து, ஒரு படிவத்தை நீட்டினான்.

“ஒரு போர்ட் மாத்தினா சரி சேர். பத்து நிமிஷத்துட வேல. இந்தப் படிவத்தில ‘பழுது’ எண்டு ஒரு பெட்டி ஈக்கிது. அதில புள்ளடி போட்டு சைன் வைங்க.”

“அந்தச் சொல்லுக்கு நேரே நான் சைன் வைக்கமாட்டன்.”

“அப்ப சாமான் தர மாட்டாங்க சேர்.”

“வேற பெட்டி இருக்கோ?”

“‘சிறப்பு’ எண்டு ஒண்டு ஈக்கிது.”

தலைவர் அதில் புள்ளடியிட்டு அழகாகக் கையொப்பம் வைத்தார். ரிப்கான் படிவத்தையும், பிறகு யோகேஸ்வரியையும் பார்த்தான். அடுத்த வாரம் கம்பனியிடமிருந்து நன்றிக் கடிதம் வந்தது. இவ்வளவு திருப்தியான வாடிக்கையாளருக்கு மாதாமாதம் ஆள் அனுப்பத் தேவையில்லை என்றும் அதில் இருந்தது.

ஜூன் மாதம் ஆஸ்பத்திரி கிளினிக்கில் நேர்ஸ் யோகேஸ்வரியின் விலாசத்தை வாசித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“ஆறாம் மாடியா? ஒப்பரேஷனுக்குப் பிறகு ஆறு கிழமை படி ஏறவே கூடாதம்மா. லிஃப்ட் இருக்கெண்டு கடிதம் கொண்டுவாங்க. இல்லாட்டி உங்கட திகதி அடுத்த ஆளுக்குப் போயிரும். திரும்பவும் வரிசையில நிக்கணும்.”

இன்னொரு இரண்டு வருடத்தை இந்த முழங்கால் தாங்காது என்பது யோகேஸ்வரிக்குத் தெரியும். நேரே தலைவரிடம் போனாள். அவர் மகிழ்ந்துபோனார். சாந்தகுமார் அடித்துக் கொடுத்தான்: ‘எமது தொடர்மாடியில் லிஃப்ட் உண்டு. அது ஆறாம் மாடி வரை செல்லும் ஆற்றலும் உறுதியும் கொண்டதாகும்.’ முத்திரையும் குத்தினார்கள்.

“பாத்தீரோ தங்கச்சி, இப்பதான் நீர் சரியான பாதையில வாறீர்.”

“ஓம் அண்ணை,” என்றாள் யோகேஸ்வரி. முப்பத்தொரு வருடப் பழக்கம்; கடிதத்தில் மூன்று போட்டோப் பிரதி எடுத்துக்கொண்டாள்.

ஒப்பரேஷன் நன்றாக நடந்தது. ஆறாம் நாள் காலை ஓட்டோ ஒன்றில் வந்து இறங்கினாள். சுடலைமுத்து வோக்கரை விரித்துக் கொடுத்தார். தலைவர் வேட்டியுடன் வாசலில் நின்றார்.

“வாரும் வாரும். புது முழங்கால்.”

“மேல போவமே அண்ணை?” யோகேஸ்வரி லிஃப்டின் முன்னால் போய் நின்றாள்.

“அது தயாராகிக்கொண்டு...”

“சரி. அது தயாராகிற வரைக்கும் இருக்கிறன்.” வோக்கரைத் திருப்பி, எதிரே திறந்திருந்த கதவுக்குள் நுழைந்தாள். “மயிலக்கா, கொஞ்சம் தண்ணி தாங்கோ.”

மயிலம்மா தண்ணீர் கொடுத்தாள். மத்தியானம் சோறு கொடுத்தாள். வோக்கர் உள்ளே போகக்கூடிய குளியலறை தங்கள் படுக்கையறையோடுதான் இருக்கிறது என்பதைக் கண்டு, இரவுக்கு முன்னரே கட்டிலில் புது விரிப்புப் போட்டாள். தலைவருக்கு ஹோல் சோபா. அவர் சோபாவைவிட ஒன்றரை அடி நீளம்.

நான்காம் நாள் அவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

“தங்கச்சி, எப்ப வீட்டை போறதா யோசனை?”

“வீட்டிலதானே இருக்கிறன் அண்ணை.”

“இது எங்கட வீடு.”

“உங்கட வீடு எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?”

“ஆர் சொல்லுறது? உறுதிப் பத்திரம் இருக்கு. இரண்டாயிரத்துப் பதினோராம் ஆண்டு வாங்கினது.”

“அதுக்கு முதல்?”

“வேற ஒராளின்ர.”

“பாத்தீங்களோ. அப்ப இது ஆள் மாறுற வீடு.”

தலைவர் கூரையைச் சுட்டிக் காட்டினார்.

“உமக்கு வீடு ஆறாம் மாடியில இருக்கு.”

“ஆறாம் மாடி எண்டது ஒரு நம்பிக்கை அண்ணை. எனக்கு அது மாறிட்டுது. நீங்கள்தான் மாத்தினனீங்கள்.”

சமையலறையில் மயிலம்மா எதையோ பொரித்துக்கொண்டே சிரிக்கும் சத்தம் கேட்டது.

ஏழாம் நாள், கிரிக்கெட் நடந்துகொண்டிருக்கும்போது இரண்டு பெண்களும் ரீவியை நாடகத்துக்கு மாற்றினார்கள். தலைவர் வெளியே வந்து, தொடர்மாடி முழுவதும் அறிய வட்ஸ்அப் குழுவில் எழுதினார்: ‘ஆறாம் மாடிக்காரர் தரைத்தளத்தில் இருக்க முடியாது.’ ஒரு நிமிடத்துக்குள் அவர் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். படியேறிப்போய், வட்ஸ்அப் குழுவை நடத்தும் சாந்தகுமாரின் கதவைத் தட்டினார்.

“அந்தச் சொல்லைப் பாவிச்சிட்டீங்களே அங்கிள். விதியில தலைவருக்கு விலக்கு ஒண்டும் போடேல்லை.”

பதினோராம் நாள் அவர் படுக்கையறை வாசலில் நின்றார். ஷேவ் எடுத்து மூன்று நாள்.

“உமக்கு என்னதான் வேணும்?”

“ஒரு புள்ளடி.”

அவர் கம்பனிக்குத் தானே போன் எடுத்தார். ரிப்கான் படிவத்தோடு வந்தான். ‘பழுது’ என்ற பெட்டிக்குள் தலைவர் புள்ளடி போட்டபோது கண்ணை மூடிக்கொண்டதாகச் சுடலைமுத்து பிறகு ஒழுங்கை முழுவதும் சொன்னார். பத்து நிமிடம் என்றது எட்டு நிமிடத்தில் முடிந்தது. யோகேஸ்வரி மேலே போனாள். அவள் ஆறாம் மாடியை அடைவதற்குள் குழுவில் தலைவரின் செய்தி வந்துவிட்டது: ‘நான்கு மாத நேர்மறை மொழியின் பலனாக எமது லிஃப்ட் இன்று மேலே சென்றது.’ இருபத்திரண்டு பேர் கைதட்டும் படம் போட்டார்கள். பதினாறு பேர் வெளிநாட்டிலிருந்து.

ஆகஸ்ட் மாதப் பொதுக்கூட்டத்தில் யோகேஸ்வரி தலைவியானாள். உண்மையாகவே ஏகமனதாக. சொற்தடையை நீக்குவதுதான் அவளுடைய முதல் தீர்மானம். சுடலைமுத்துவை முன்னால் அழைத்து, ஒரு தடித்த கறுப்புப் பேனையும் புது மட்டைகள் ஒரு கட்டும் கொடுத்தாள். “எது பழுதோ, அதில எழுதித் தொங்கவிடுங்கோ. ஒருத்தரையும் கேக்க வேண்டாம்.” சுந்தரலிங்கமும் எழுந்து நின்று கைதட்டினார்.

ஒக்டோபரில் மழை வந்தது. வாகனத் தரிப்பிடத்துக்குக் கீழே போகும், மழைத்தண்ணீர் வடியும் கான் அடைபட்டது. சுடலைமுத்து உடனே ‘பழுது’ என்று எழுதிக் கான் மூடியின் மேல் வைத்தார். மட்டை மிதந்து தெருவுக்குப் போனது. தரிப்பிடத்துத் தரையை உடைத்துத்தான் கானைத் திறக்க வேண்டும், அதற்கு எல்லா வீட்டுக்காரரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும் என்று சாந்தகுமார் சொன்னான். மேல் மாடிக்காரர்கள் வாகனங்களை எங்கே விடுவது என்று கேட்டார்கள்.

அன்று பின்னேரம் யோகேஸ்வரி பல்கனியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். மழை விட்டிருந்தது. முழங்கால் சொன்னபடி கேட்டது. கடல் தெரிந்தது. லிஃப்ட் வந்து நின்று கதவு திறந்தது. காற்சட்டையை முழங்கால்வரை மடித்த சுந்தரலிங்கம் செருப்பைக் கையில் பிடித்தபடி வந்தார்.

“தங்கச்சி, வீட்டுக்குள்ள கான் தண்ணி. குசினி அடுப்படி வரைக்கும் வந்திட்டுது. மயில் கட்டிலுக்கு மேல ஏறி இருக்கிறா.”

வாறன் அண்ணை என்று சொல்லத்தான் யோகேஸ்வரி வாயெடுத்தாள். எழும்புவதற்காகக் கைபிடியைப் பிடித்தவள் கீழே எட்டிப் பார்த்தாள். ஆறாம் மாடியிலிருந்து பார்க்க, முற்றத்து ஈரம் வெயிலில் பளபளவென்று வடிவாகத்தான் இருந்தது. திரும்பவும் உட்கார்ந்தாள்.

“எல்லா நேரமும் வருகுதோ அண்ணை?”

“மழை பெய்தா வருகுது.”

“பாத்தீங்களோ,” என்றாள்.

சாந்தகுமார் மூன்றாம் மாடியில் இருப்பவன். இளம் வயது, லிஃப்ட் நின்றபோதும் அவனுக்குப் பெரிய கரைச்சல் இல்லை, தண்ணீரும் அந்த உயரத்துக்கு வராது. அடுத்த நாள் காலை கம்பியூட்டரைத் திறந்து மார்ச் மாத அறிவித்தலை எடுத்தான். அதிலே அதிகம் மாற்ற வேண்டியிருக்கவில்லை. ‘கீழே செல்வதற்குக் கான் தயாராகிக்கொண்டிருக்கிறது. – தலைவி.’ வண்ணத்தில் எடுத்து, கையொப்பத்துக்காக லிஃப்டில் ஆறாம் மாடிக்குப் போனான்.