தேர் திரும்பியது, நான் திரும்பவில்லை

கடவுளிடம் ஒரு காரியம் கேட்கப் போகிறவர்கள், "இதுவா, அதுவா, இரண்டில் ஒன்றைச் சொல்லும்" என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் அவர் மூன்றாவதாக ஒன்றைச் செய்து காட்டுவார். எனக்கு அவர் செய்து காட்டியதை ஊரே நின்று பார்த்தது. (சிலர் போனில் படம் எடுத்தும் வைத்திருக்கிறார்கள். கனடாவில் இருக்கிற என் சித்தப்பா அதைப் பார்த்துவிட்டு, நான் உயிரோடுதான் இருக்கிறேனா என்று போன் எடுத்துக் கேட்டார்.)

நான் வளர்ந்தது கொழும்பில், கொட்டாஞ்சேனையில். ஓ.எல். பரீட்சை எழுதிய கையோடு புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தவன், தலை நரைக்கத் தொடங்கும் வரை அங்கேயே நின்றேன். படிப்புக் குறைவு. ஆனால் வாசலில் ஒரு பெண் செருப்பைக் கழற்றும்போதே அவ கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்தவவா, சும்மா விரித்துப் பார்க்க வந்தவவா என்று சொல்லிவிடுவேன். என் மனைவி பவானி நீர்வேலிப் பெண். அரசாங்க ஆஸ்பத்திரியில் மிஸி. (தாதியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.)

ஒரு நாள் அவள் வேலை முடிந்து வந்து, கைப்பையைக் கூட வைக்காமல் நின்றபடியே சொன்னாள். பதவி உயர்வு கிடைத்திருக்கிறதாம். ஒரு வார்ட்டுக்கே பொறுப்பு. ஆனால் கொழும்பில் இல்லை, யாழ்ப்பாணத்தில், அவளுடைய ஊருக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில். போவதென்றால் போவது என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

"நீங்கள் என்ன சொல்லுறியள்?" என்று கேட்டாள்.

இடியப்பத்தைச் சொதியில் பிசைந்துகொண்டிருந்த நான், "பாப்பம்" என்றேன்.

அந்தப் "பாப்பம்" வாரக்கணக்கில் நீண்டது. கேட்கும் போதெல்லாம் ஒரு காரணம் வைத்திருந்தேன். யாழ்ப்பாணத்தில் வெயில் கூடுதல் என்றேன். "கொழும்பிலை நிலவோ எறிக்குது?" என்றாள். மகள் புதுப் பள்ளிக்கூடத்தில் அழுவாள் என்றேன். மகள் அறைக்குள் இருந்து, "நான் அழமாட்டன் அப்பா" என்றாள். நுளம்பு கடிக்கும் என்றேன். கொட்டாஞ்சேனையில் இருந்துகொண்டு நுளம்பைப் பற்றிக் கதைக்க எனக்கே கூச்சமாக இருந்தது.

உண்மைக் காரணம் வேறு. கொழும்பில் நான் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. அங்கே அப்படியில்லை. பஸ்ஸால் இறங்கி வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள், "தம்பி ஆர்?" என்று கேட்பார்கள். "மிஸியின்ரை மனிசன்." "என்ன வேலை?" "இன்னும் ஒண்டும் இல்லை." இந்த இரண்டு கேள்விக்குப் பயந்துதான் நான் நுளம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து அவளுடைய ஊர்ப் பிள்ளையார் கோயிலில் திருவிழா வந்தது. குடும்பமாகப் போனோம். தேருக்கு முதல் நாள் பின்னேரம், பவானியின் தம்பி குகன் எங்களை ஒரு வீடு பார்க்கக் கூட்டிப் போனான். கோயிலின் தெற்கு வீதி முடிகிற மூலையில் இருந்து நேரே மேற்காகப் போகிறது ஒரு ஒழுங்கை. இரண்டு பக்கமும் வாழைத் தோட்டம். ஒழுங்கை முடிகிற இடத்தில், நீல நிறக் கேற் போட்ட வீடு. வீட்டுக்காரர் சின்னத்துரை அண்ணை, பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆட்களை இன்னும் பயணிகளாகத்தான் பார்ப்பார். "வாசல்லை நிக்காதேங்கோ, உள்ளுக்குப் போங்கோ, உள்ளுக்குப் போங்கோ" என்றுதான் வரவேற்றார்.

நல்ல வீடு. அதுதான் எனக்குப் பிரச்சினை. கேற் கிறீச்சிடுகிறது என்றேன். கிணறு தள்ளி இருக்கிறது என்றேன். சுவரில் ஒரு பல்லி இருக்கிறது என்றேன்.

சின்னத்துரை அண்ணை என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "தம்பி, பல்லிக்குத் தனியா வாடகை எடுக்கிறேல்லை."

பவானி சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது ஒரு சொல் கதைக்கவில்லை. ஏச்சு வாங்கிப் பழகினவனுக்கு அப்படிப் பேசாமல் இருப்பதுதான் தாங்காது.

மறுநாள் காலை, கிணற்றடியில் தோய்ந்துவிட்டு நேரே பிள்ளையார் முன்னால் போய் நின்று, நெற்றியில் குட்டி, மனதுக்குள் சொன்னேன்: "அப்பனே, இண்டைக்கு உன்ரை தேருக்குப் பின்னாலை ஒரு சுற்றுப் பிரதட்டை பண்ணுறன். தடை இல்லாமல் முடிஞ்சால் இஞ்சை வாறம். தடை வந்தால் கொழும்பிலேயே இருக்கிறம். முடிவு உன்ரை." நான் இதை விளையாட்டாகச் செய்யவில்லை. பிள்ளையார் சொன்னால் கேட்கிறவன் நான், இன்றைக்கும்.

பிரதட்டை என்றால் இரண்டு கையையும் தலைக்கு மேல் நீட்டி, கையில் ஒரு தேங்காயைப் பிடித்துக்கொண்டு, கோயில் வீதியைச் சுற்றி உருளுவது. உருளுகிறவருக்குத் திசை தெரியாது. அதனால் சொந்தக்காரர் ஒருவர் கூடவே வந்து, காலைப் பிடித்து அவ்வப்போது நேராக்கிவிடுவார். எனக்கு வாய்த்தவன் குகன்.

"அத்தான், நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு பிள்ளையாரை நினையுங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்" என்றான்.

நினைத்தேன். உருண்டேன். பார்ப்பவர்களுக்கு அது சுலபம். புடவைக் கடையில் மதியச் சாப்பாடு சாப்பிட்டு வளர்த்த வயிறு உள்ளவனுக்கு, ஒவ்வொரு உருளலும் ஒரு மலையில் ஏறி இறங்குவது. தெற்கு வீதியில் பாதி போவதற்குள் வானம் எது, மணல் எது என்று தெரியவில்லை. காதுக்குள் மணல், வாய்க்குள் மணல். "பிள்ளையாரே, பிள்ளையாரே" என்று சொல்லிக்கொண்டே போனேன்.

மூலையில் தேர் வடக்காகத் திரும்ப வேண்டும். திரும்புவதற்கு முன் தேரை நிறுத்தி, தவில்காரர்கள் வட்டமாக நின்று போட்டிக்கு வாசித்துச் சமா வைத்தார்கள். குகனுக்குத் தவில் என்றால் உயிர். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு வருவோம் என்று போனவன், கையால் தாளம் போட்டுக்கொண்டு, அத்தான் என்று ஒருவன் உலகத்தில் இருப்பதையே மறந்துவிட்டான். மற்றப் பிரதட்டைக்காரர்களை அவரவர் ஆட்கள் நிறுத்தினார்கள். என்னை நிறுத்த ஆள் இல்லை.

தேர் திரும்பியது. நான் திரும்பவில்லை. நேரே மேற்காக, ஒழுங்கைக்குள் உருண்டேன்.

யாராவது தடுத்திருக்கலாம். ஆனால் நேர்த்திக்காரனைத் தொட எங்கள் சனம் பயப்படும். தலைக்கு மேலே குரல்கள் கேட்டன.

"இதென்ன, உவர் ஒழுங்கைக்குள்ளை போறார்?"

"நேர்த்தியா இருக்கும். தொடாதேங்கோ."

"ஒழுங்கைக்குள்ளை என்ன நேர்த்தி?"

"கொழும்பு ஆள். அங்கை அப்பிடித்தான் போல."

பாவம், யாரோ ஒரு மனிதன் வழி தவறிப் போகிறான் என்று நினைத்து, அவனுக்காகவும் பிள்ளையாரிடம் ஒரு சொல் சொல்லிவிட்டு நான் உருண்டேன்.

யாரோ "அரோகரா!" என்றார்கள். பெண்கள் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து எனக்கு முன்னால் ஊற்றினார்கள். வெள்ளை மணல் முடிந்து செம்மண் வந்தது. தண்ணீர் பட்டதும் அது சேறானது. மேற்கு வீதிக்கு மணல் போட மறந்துவிட்டார்கள், கோயில் சபைக்காரரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். மேளச் சத்தம் தூரத்தில் போனது. தேர் இன்றைக்கு நல்ல வேகம் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு மெத்தென்று ஒன்று வந்தது. மாட்டுச் சாணம். அதையும் பிள்ளையாரின் சோதனை என்று ஏற்றுக்கொண்டேன்.

கடைசியில் "டங்" என்று ஒரு சத்தம். கையில் இருந்த தேங்காய் எதிலோ அடிபட்டு உடைந்தது. கண்ணைத் திறந்தேன்.

நீல நிறக் கேற். அதற்கு மேலே, கையில் செம்போடு சின்னத்துரை அண்ணை. தேருக்குக் கால் கழுவிக்கொண்டு புறப்பட்டவர். கீழே குனிந்து என்னை வடிவாகப் பார்த்தார்.

"தம்பி, நேற்று நடந்துதானே வந்தனீர்?"

எனக்குப் பின்னால் பாதி ஊர் நின்றது. கூட்டத்தில் இருந்த ஒரு வயதான அம்மா குனிந்து தேங்காயைப் பார்த்தா. சரி பாதியாக உடைந்து, இரண்டு பாதியும் வானத்தைப் பார்த்துக்கொண்டு கேற்றடியில் கிடந்தன. புது வீட்டு வாசலில் தேங்காய் உடைப்பது எங்கள் வழக்கம்.

"குடிபூரல் முடிஞ்சுது. இனிப் பாலைக் காய்ச்ச வேண்டியதுதான்!" என்றா அவ.

"அரோகரா!" என்றது சனம்.

அப்போதுதான் பவானி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி வந்தாள். வந்தவள் மனைவியாக வரவில்லை, மிஸியாக வந்தாள். கண் இமையை இழுத்துப் பார்த்தாள். நாடியைப் பிடித்தாள். "இஞ்சாருங்கோ, தலை சுத்துதோ? வயித்தைப் பிரட்டிச் சத்தி வருதோ? இது எத்தினை விரல்?"

எனக்கு விரல் எல்லாம் ஆறாகத் தெரிந்தன. அந்த மயக்கத்தில் வாய் தவறிவிட்டது. "தடை வந்திட்டுது பவானி. சுத்து முடியேல்லை. கொழும்பு எண்டு சொல்லிப்போட்டார்."

"ஆர் சொன்னது?"

"பிள்ளையார்."

கிடந்த கிடையில் என் நேர்த்தி முழுவதையும் கேட்டு எடுத்துவிட்டாள். பிறகு எழுந்து நின்றாள்.

"இவ்வளவு நாளா நான் உங்களைக் கேட்டுக்கொண்டு நிக்கிறன். நீங்கள் பிள்ளையாரைக் கேட்டனீங்களோ? வேலை மாறிப் போறது நானோ, அவரோ?"

சின்னத்துரை அண்ணைதான் தொண்டையைச் செருமினார். "பிள்ளை, ஒண்டு சொல்லுறன். தடை எண்டால் பாதி வழியிலை நிண்டிருக்கோணும். இவர் நிக்கேல்லையே. எவ்வளவு காலம் நான் பஸ் ஓடினனான்! இது தடை இல்லை. இது இறங்கிற இடம்."

சனம் சிரித்தது. குகன் அப்போதுதான் வேர்க்க வேர்க்க வந்து சேர்ந்தான். "அத்தான்! உங்களைத் தேரடி முழுக்கத் தேடுறன்!" (இன்றைக்கும் தப்புத் தன்னுடையது இல்லை, தவில்காரருடையது என்பான்.)

பவானி மறுபடி என் பக்கத்தில் குந்தினாள். "பிள்ளையாரும் பஸ்ஸும் கிடக்கட்டும். நீங்கள் என்ன சொல்லுறியள்?"

இடியப்பம் சாப்பிடும்போது கேட்ட அதே கேள்வி. சேறும் சாணமும் பூசிக்கொண்டு கிடப்பவனுக்குப் பொய்க் காரணம் வராது. மெதுவாகத்தான் சொன்னேன். "உமக்குக் கீழை ஒரு வார்ட்டே நிக்கும். நான் வேலை இல்லாமல், உம்மடை சம்பளத்திலை சாப்பிட்டுப்போட்டு, கேற்றடியிலை நிண்டு ரோட்டைப் பாத்துக்கொண்டு நிக்கோணும். அதுதான் பயம்."

அவள் முகம் மாறியது. சேலைத் தலைப்பால் என் வாயில் இருந்த மணலைத் துடைத்தாள்.

"இப்ப கேற்றடியிலை கிடக்கிறியள்," என்றாள். "நிக்கிறது இதைவிட மேல்தானே?"

நான் சிரித்துவிட்டேன். அவளுக்கும் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது. "வார்ட்டிலை எத்தினை பேரைத் தூக்கி நடக்க வைக்கிறனான். உங்களை விடுவனோ?" என்று கையை நீட்டினாள்.

பிடித்து எழுந்தேன். "வருவம்" என்றேன். சின்னத்துரை அண்ணை இடுப்பில் இருந்த சாவியை எடுத்து அவளிடம் கொடுத்தார். என்னிடம் தரவில்லை. "உவர் உருளேக்கை விழுத்திப்போடுவார்" என்றார்.

அப்படித்தான் நாங்கள் கொழும்பை விட்டு வந்தோம். பயந்த இரண்டு கேள்வியையும் என்னிடம் ஒருவரும் கேட்கவே இல்லை. பெட்டி படுக்கையோடு பஸ்ஸால் இறங்கியபோதே, "உருண்டு வந்தவர் வந்திட்டார்" என்று கடைக்காரர் எழும்பி நின்றார். மருதனார்மடச் சந்தியில் ஆஞ்சநேயரைக் கும்பிட்டு ஒரு சின்னப் புடவைக் கடை போட்டேன். பலகையில் பவானியின் பெயரைத்தான் எழுதினேன். ஆனால் சனம் சொல்வது "உருண்டவர்டை கடை". முதலில் என்னைப் பார்க்க வந்தார்கள். பிறகு சேலையையும் பார்த்தார்கள். செருப்பைக் கழற்றும் விதம் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

ஒரு நாள் பவானியைக் கூட்டி வர ஆஸ்பத்திரிக்குப் போய் நின்றேன். அவளுடைய வார்ட்டில் இருந்து சுகமாகி வீட்டுக்குப் போகிற ஒரு ஐயா கேட்டார், "தம்பி, நீர் மிஸியின்ரை மனிசனோ?" "ஓம்!" என்றேன். சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது போல. வாசல் காவல்காரர் திரும்பிப் பார்த்தார். அவர் கேட்க வேண்டும் என்றுதான் நானும் சொன்னேன்.

முடியாமல் விட்ட சுற்றை அடுத்த வருடம் முடித்தேன். பவானி லீவு போட்டு, என் காலடியிலேயே வந்தாள். மூலையில் கணுக்காலைப் பிடித்து, "வலப் பக்கம், வலப் பக்கம்" என்று திருப்பினாள். இந்த முறை பிள்ளையாரிடம் ஒன்றும் கேட்கவில்லை. நன்றி மட்டும்தான் சொன்னேன்.

அந்த வருடம் தொடங்கி, தேர் அன்றைக்கு அந்த ஒழுங்கை வாசலில் குறுக்கே ஒரு கயிறு கட்டுகிறார்கள். வெளியூர் ஆட்கள் எதற்கென்று கேட்டால், என் மகள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முந்திப் போய்ச் சொல்வாள்: "அது எங்கடை அப்பாவுக்குக் கட்டினது!"

போன தேருக்குப் பெடியள் அந்தக் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டு நின்றபோது சின்னத்துரை அண்ணை வந்தார். முடிச்சைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இறுக்கிக் கட்டாதேங்கோடா. பின் வளவிலை இன்னொரு வீடும் கட்டி முடிச்சிட்டன்."