றீஸ்ராட் அக்காவும் மாய வட்டும்

பழைய கணினியொன்று கண்விழிக்கும் அந்த ஒற்றைப் ‘பீப்’ எங்கே கேட்டாலும், சூடேறிய தூசி மணத்தோடு றீஸ்ராட் அக்காவும் என் நினைவில் எழுந்து வந்துவிடுவார். வன்னிப் பெருநிலத்தில் அவரைவிட அதிகமாக எதையும் அணைத்து மறுபடி மூட்டியவர், அதாவது ‘றீஸ்ராட்’ பண்ணியவர், கிடையாது; பெயரும் அப்படி வந்ததுதான். மின்விசிறி, தண்ணீர் மோட்டர், என் ஸ்கூட்டர். ஏன், சண்டையைக்கூடப் பாதியில் நிறுத்தி, “பொறுங்கோ, முதலில இருந்து தொடங்குவம்” என்பார்.

பரந்தன் சந்திக்கு அருகே ஒரு வாடகை அறையில், திரை முழுக்கத் தமிழில் வரும் இயங்குதளம் ஒன்றைப் பள்ளிக்கூடங்களுக்காக நாங்கள் இருவரும் கட்டிக்கொண்டிருந்தோம். மறுநாள் காலை அதன் புதிய பதிப்பு முல்லைத்தீவுக் கரையில் அக்காவின் சொந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டும். மீன்வாடியிலிருந்து மாதா கோயில் வாசல்வரை அவரே முன்கூட்டிப் பறைசாற்றியிருந்தார். போகாவிட்டால் ஊர் சிரிக்கும்.

கட்டும் வேலையின் கடைசிப் படியில், பதிப்பைச் சோதித்துப் பார்க்க, கணினிக்குள்ளேயே மென்பொருளாலான ஒரு மாயக் கணினி எழுந்து நிற்கவேண்டும். எல்லாவற்றையும் சேமித்து வைக்கும் அதன் வட்டும், அதாவது டிஸ்க்கும், மாய வட்டுத்தான். காலையிலிருந்து அது எழவில்லை. ‘வட்டைக் காணவில்லை’ என்று ஒரு வரி, பிறகு இருட்டு.

அக்கா அணைத்தார். மூட்டினார். மாதா படத்தைத் திரைப்பக்கம் திருப்பி வைத்து மறுபடி மூட்டினார்.

“அக்கா, மாய வட்டை வாசிக்கிற டிரைவர் மென்பொருள் எங்க?”

“அதுவோ? எறிஞ்சிட்டன்.”

“எறிஞ்சிட்டீங்களோ!”

“தம்பி, நான் எத்தினை தரம் இடம்பெயர்ந்தனான் தெரியுமோ? பொதி கட்டினா தேவையில்லாதது முதலில வெளியில. கண்ணால காணாத வட்டுக்கு என்னத்துக்கு டிரைவர்?”

பதிப்பைச் சிறிதாக்குகிறேன் என்று, ஓடுகிற ஆளின் பொதிபோல இறுக்கிக் கட்டியிருந்தார். சிரிக்க வாய் திறந்தேன், மூடிக்கொண்டேன். போருக்குள் தையல் மெஷினைத் தெருவோரம் விட்டுவிட்டு நடந்தவர் அவர்.

டிரைவரைத் தேடியெடுத்துப் போட்டார். மூட்டினார். மறுபடி இருட்டு.

“இப்ப எங்க வைச்சனீங்கள்?”

“வட்டுக்குள்ளதான். பத்திரமா.”

“வட்டைத் திறக்கிற சாமானை வட்டுக்குள்ளயே வைச்சா, அதை ஆர் எடுக்கிறது?”

அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டார். “ஐயோ மாதாவே! முதல் அவிழ்க்கிற பொட்டலத்திலயெல்லோ வைக்கோணும். நெருப்புப்பெட்டியையும் கேத்திலையும் எப்பவும் மேலதான் வைப்பன். இதில கோட்டை விட்டிட்டனே!”

கணினி எழும்போது முதலில் பிரிக்கும் சின்னத் தொடக்கப் பொதிக்குள் டிரைவரைச் செருகினார். மூட்டினார். மாயக் கணினி தமிழில் வணக்கம் சொன்னது. அக்கா அதையும் அணைத்து, இன்னொருதரம் வணக்கம் வாங்கினார்.

மறுநாள் பதிப்போடு ஊருக்குப் போனவர் அந்தப் பள்ளிக்கூடத்திலேயே படிப்பிக்கத் தங்கிவிட்டார். இங்கே இப்போது ஒன்றும் அநாவசியமாக அணைவதில்லை; அறைக்கு உயிரே இல்லாததுபோல் இருக்கிறது. நான் இதை எழுத உட்கார்ந்ததற்கும் அவர்தான் காரணம். அன்று புறப்படும்போது, ஏறிய வான் வண்டியின் கதவைச் சாத்தமுன் என் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

“தம்பி, அங்க ஓடாட்டி ஒருத்தரிட்டயும் மூச்சு விடாதேங்கோ. ஓடினா மட்டும் எல்லாருக்கும் சொல்லுங்கோ.”