ஸ்டெப்னி மாமா இறக்கி வைத்த வீல்

இந்த உலகத்தில் எல்லாப் பொருளும் இரண்டிரண்டாகப் படைக்கப்பட்டிருக்க வேண்டும், ஒன்றே ஒன்று இருப்பதெல்லாம் கடவுளின் கவனக்குறைவு என்று நம்புகிற ஒரே மனிதர் கோலார் தங்கவயலில், எங்கள் ஊரிகம் தொழிலாளர் லைனில், எங்கள் பக்கத்து வீட்டில் இருக்கிறார். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் அவருக்கே ஞாபகம் இருக்குமோ என்னவோ, ஊருக்கு அவர் ஸ்டெப்னி மாமா.

மூக்கில் ஒரு கண்ணாடி, சட்டைப்பையில் ஒரு கண்ணாடி. இடது கையில் ஒரு வாட்ச், வலது கையில் ஒரு வாட்ச். மணி கேட்டால் இரண்டையும் பார்த்து இரண்டு நேரம் சொல்வார், எதை வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம். மழைக்காலத்தில் இரண்டு குடையோடுதான் வெளியே கிளம்புவார். ஒருநாள் ஆண்டர்சன்பேட்டை கடைத்தெருவில் தொப்பலாக நனைந்து நின்ற நான், "மாமா, அந்த ரெண்டாவது குடையக் குடுங்களேன்" என்று கேட்டுவிட்டேன்.

"இது ஸ்பேருடா. உனக்குக் குடுத்துட்டா எனக்கு ஸ்பேர் எங்க கீது?" என்று சொல்லிவிட்டு, பிரிக்காத குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார். நான்கு நாள் காய்ச்சலில் கிடந்தேன். அவர் கல்யாணத்தில்கூட சர்ச்சுக்கு இரண்டு தாலி கொண்டுபோனாராம். பாஸ்டர் பயந்துபோய், பெண் ஒருத்திதானே என்று மூன்று தரம் கேட்டாராம்.

சுரங்கத்தில் அவர் வைண்டிங் டிரைவர். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஆட்களை ஷாஃப்ட்டுக்குள், அந்தப் பாதாளக் குழிக்குள் இறக்கி, ஷிஃப்ட் முடிந்ததும் மேலே ஏற்றுகிற எஞ்சின் அவர் கையில் இருந்தது. எஞ்சின் ரூமிலிருந்து பார்த்தால் கூண்டும் தெரியாது, ஆளும் தெரியாது. மணிச் சத்தம்தான் உத்தரவு. ஒரு மணி அடித்தால் நிறுத்த வேண்டும். வாயால் எவன் கத்தினாலும் செல்லாது. அதே ஷிஃப்ட்டில் கீழே பாறையில் துளை போட்டுக்கொண்டிருந்தவர் என் அப்பா.

சுரங்கத்தை மூடி வருஷங்கள் கழித்து, மாமா ஒரு பழைய ஸ்கூல் வேனை வாங்கினார். சீட்டையெல்லாம் பிடுங்கிவிட்டு இரும்புக் கட்டில், அடுப்பு இரண்டு, தண்ணி டேங்க் இரண்டு என்று எல்லாவற்றையும் வெல்டிங் வைத்து, "மோட்டார் ஹோம்" என்று பின்னால் எழுதியும் விட்டார். கட்டிலுக்கு அடியில் ஸ்டெப்னிக்கு என்று தனியாக ஒரு சட்டம். பின்னாலிருந்து டிரைவர் சீட் வரைக்கும் ஒரு கயிறு, அதன் முனையில் ஒரு மணி. அத்தை அந்த வண்டியில் இன்றுவரை ஏறியதில்லை. "ஒரு வூட்ட கூட்டிப் பெருக்கவே முடியல, இதுல ரெண்டாவது வூடு வேறயா" என்பது அத்தையின் கட்சி.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை, அப்பாவுக்கு மூச்சு திணறிவிட்டது. பாறைத் தூசி தின்ற நுரையீரல். உள்ளூர் டாக்டர், "உடனே வேலூருக்குக் கொண்டுபோங்க, படுக்க வெக்காதீங்க, சாய்ச்சி வெச்சே கொண்டுபோங்க" என்றார். ஆம்புலன்ஸ் எதுவும் கிடைக்கவில்லை. காரில் அவரால் உட்கார முடியாது. நான் நடு ரோட்டில் நின்று போனில் கத்திக்கொண்டிருந்தபோது, மாமா போய் மோட்டார் ஹோமைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார்.

அங்கேதான் வம்பு. ஆக்ஸிஜன் சிலிண்டர் இரண்டு வாங்கியிருந்தேன். ஒன்றைக் கட்டிலின் தலைமாட்டில் கட்டிவிட்டோம். மற்றதை வைக்க ஒரே இடம் கட்டிலுக்கு அடியில், ஸ்டெப்னி இருக்கிற சட்டம். மற்றதெல்லாம் வெல்டிங், கழற்ற முடியாது; நடுவில் ஆள் நிற்க மட்டும்தான் இடம்.

"ஸ்டெப்னிய எறக்குங்க மாமா" என்றேன்.

"இன்னாடா பேசற? பேரணாம்பட்டு மலைய ஸ்டெப்னி இல்லாம எறங்கச் சொல்றியா?"

"வழியில சிலிண்டர் தீந்துபோச்சின்னா?"

"வீல் வெடிச்சிப் பூட்டா? ரெண்டு சிலிண்டர கட்டிப்புடிச்சிகினு ரோட்டுல உக்காரப் போறியா?"

எனக்கு வந்த கோபத்தில் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். என்ன கொடுமை என்றால், அவர் சொன்னதும் நியாயம்தான். அம்மா அப்பாவின் நெஞ்சைத் தடவிக்கொண்டே, "அண்ணா, எதுனா ஒண்ணு பண்ணுங்க, நேரம் போவுது" என்று அழுதாள். மாமா அப்பாவின் முகத்தைப் பார்த்தார். நகமெல்லாம் நீலம் பூத்திருந்தது. சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு குனிந்து ஸ்டெப்னியைக் கழற்றி, எங்கள் வீட்டு வாசலில் சாய்த்து வைத்தார். பிறந்த பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறவர் மாதிரி இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். "ஒண்ணு அடிச்சா நிறுத்துவேன், ரெண்டு அடிச்சா போவேன்" என்று மணிக்கயிற்றைக் காட்டிவிட்டு வண்டியை எடுத்தார்.

வி.கோட்டா தாண்டும் வரை ஒன்றும் இல்லை. சிலிண்டர் மீட்டரின் முள் மட்டும் நான் பார்க்கும்போதெல்லாம் இறங்கிக்கொண்டிருந்தது. மலை இறக்கத்தில் இரண்டாவது வளைவில் முன்பக்கம் தடதடவென்று ஆட ஆரம்பித்தது. ஜன்னலில் எட்டிப் பார்த்தால், முன் டயர் சப்பையாகக் கிடந்தது.

"மாமா, நிறுத்துங்க, டயர் போச்சு" என்று கத்தினேன். அவர் காதிலேயே வாங்கவில்லை. கை கியரில், கண் ரோட்டில். கயிற்றை இழுக்கலாம் என்று பார்த்தால், கட்டிலுக்கடியில் சிலிண்டர் உருளாமல் இருக்க அம்மா வழியில் அந்தக் கயிற்றைத்தான் அவிழ்த்து இறுக்கி முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். ஒரு பக்கம் பள்ளம். நான் முடிச்சைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தேன்.

மாஸ்க்குக்குள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அப்பா, பக்கத்திலிருந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்துக் கட்டில் கம்பியில் ஒரே ஒரு தட்டு தட்டினார். வண்டி நின்றது.

இறங்கிப் பார்த்தோம். போனில் டவர் இல்லை. ஒரு பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. மாமாவிடம் ஜாக்கி இரண்டு இருந்தது, ஸ்பேனர் இரண்டு இருந்தது, வீல்தான் இல்லை.

"நீங்க சொன்னத கேட்டிருக்கணும் மாமா" என்றேன்.

"அத்த அப்பறம் பேசலாம்" என்றவர் வண்டியைச் சுற்றி வந்தார். பின்பக்கம் நின்றுவிட்டார். அங்கே ஒவ்வொரு பக்கமும் இரட்டை வீல். அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்நாளில் எந்த ஜோடியையும் பிரிக்காதவர்.

"இதுல ஒண்ணக் கழட்டி முன்னால போட்டுடலாம்."

"பின்னால ஒத்த வீல் தாங்குமா?"

"தாங்காது. மெதுவாப் போனா போவலாம்."

இரண்டு தண்ணி டேங்க்கையும் திறந்துவிட்டார், பாரம் குறையட்டும் என்று. தண்ணீர் ரோட்டில் ஓட, பின்னால் ஒரு ஜாக்கி, முன்னால் ஒரு ஜாக்கி. மாமா ஒவ்வொரு நட்டாகக் கழற்றி என் கையில் கொடுத்தார். உள்ளேயிருந்து அம்மா, "டேய், முள்ளு சிவப்புக்கு வந்துச்சிடா" என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள்.

நடந்து போகிறவன் முந்திவிடுகிற வேகத்தில் மலையை இறங்கினோம். பேரணாம்பட்டுக்கு முன்னாலேயே முதல் சிலிண்டர் தீர்ந்தது. கட்டிலுக்கடியிலிருந்து இரண்டாவதை இழுத்து மாட்டினேன். சாவியைத் திருப்புவதற்குள் அப்பாவின் கண் மேலே சொருகிவிட்டது. காற்று ஏறியது, கண் இறங்கியது, அம்மா என் முதுகில் ஓங்கி அறைந்தாள். ஏன் என்று அவளுக்கும் தெரியாது.

வேலூரில் அப்பாவை உள்ளே கொண்டுபோனார்கள். "நீங்க ஊருக்குப் போங்க மாமா, அத்த தனியா இருப்பாங்க" என்றேன்.

மாமா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இருவத்தி மூணு வருஷம் உங்கப்பன கீழ எறக்கனவன் நானு. அவன் மேல வராம என்னிக்கினா வூட்டுக்குப் போயிருக்கேனா?"

ஆஸ்பத்திரிக்கு எதிர்த் தெருவில் மோட்டார் ஹோம் ஐந்து நாள் நின்றது. இங்கே பார்க்கிங் கிடையாது என்று ஒரு செக்யூரிட்டி தினமும் வந்து சண்டை போட்டான். "நான் பார்க்கிங் பண்ணல, டூட்டில கீறேன்" என்பதே தினமும் மாமாவின் பதில். உள்ளே வந்து அப்பாவைப் பார்க்கச் சொன்னால் மாட்டார். அதெல்லாம் டிரைவர் வேலை இல்லையாம்.

ஆறாம் நாள் காலையில் அப்பாவை வீல் சேரில் தள்ளிக்கொண்டு வந்தோம். மாஸ்க் இல்லை, பாதி உடம்புதான் இருந்தது. மாமா முன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தும் துணியைக் கீழே வைக்கவில்லை.

"இன்னாய்யா, ஷிஃப்ட் முடிஞ்சி மேல வர்றதுக்கு இவ்ளோ நேரமா?" என்றார். அப்பா சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். அந்தக் கையைப் பிடித்த மாமா, அவரைத் தூக்கிக் கட்டிலில் சாய்த்து, காலுக்குப் போர்வை போர்த்தி முடிக்கும்வரை அதை விடவே இல்லை.